பதினேழாம் நம்பருக்கு நான் போட்ட டிக்

தம்பி,

இந்தக் கடுதாசி உன் கையில கிடைக்கும்போது நீ பெங்களூரு ரூம்ல உக்காந்து பெட்டியத் தொறந்துக்கினு இருப்ப. வடாம் பொட்டலத்தத் தேடிக் கைய உள்ளாற விடுவன்னு தெரிஞ்சுதான் துண்டுக்கு அடியில இத வெச்சிருக்கேன். வடாம் எங்கயும் ஓடிப்போவாது, மொதல்ல இதப் படி. நேர்லயே சொல்லியிருக்கலாமேன்னு கேப்ப. நேர்ல நான் பாதி சொல்றதுக்குள்ள நீ "விடும்மா, பரவால்லம்மா"ன்னு நடுவுல பூந்துடுவ. இத யாரும் நடுவுல பூராம நான் முழுசா சொல்லி ஆவணும். உங்கப்பாவுக்கு நேத்தே சொல்லிட்டேன். மனுஷன் ஆட்டோவத் தொடச்சிக்கினே கேட்டுட்டு, "புள்ளகிட்ட நீயே எழுதிடு"ன்னு மட்டும் சொல்லிட்டு ஐயம்பேட்டை டிரிப்புக்குப் போயிட்டாரு. நான் அடுப்ப அணைச்சிட்டு உக்காந்து எழுதறேன்.

ஞாயித்துக்கிழம மத்தியானம் மீன் கொழம்ப ஊத்திப் பெசஞ்சிக்கினே நீ ஒரு விஷயம் சொன்ன, ஞாபகம் இருக்குதா? "அம்மா, நான் சேர்ற ப்ராஜெக்ட்ல உங்க ஆஸ்பத்திரி டேட்டாவும் இருக்குதும்மா. அந்தக் காலத்துல இதயத் துடிப்பு மருந்துக்கு ஒரு ஸ்டடி பண்ணாங்களே, அதையும் சேத்துத்தான் பாக்கப் போறோம்"ன. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. அடுத்தாப்புல நீ சொன்னதுதான் என்னை அடிச்சுப் போட்டுச்சு. "ரத்தத்துல பொட்டாசியம் கொறஞ்சா அந்த மருந்து துடிப்பப் பெரட்டி ஆளயே சாச்சுடும்னு எல்லாருக்கும் தெரியும்மா. ஆனா பொட்டாசியம் நார்மலா இருந்தும் செத்துப்போன ஒரு கேஸ் இருக்குது. பதினேழாம் நம்பர். எங்க சார் அந்த ஒரு கேஸ வெச்சுத்தான் மொத்தக் கேள்வியையே எழுப்பறாரு"ன்னு கண்ணு விரிய சொன்ன. நான் கரண்டிய வெச்சிட்டு எழுந்துட்டேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு வந்து சட்டைய ஏன் அயர்ன் பண்ணாம மடிச்சு வெச்சன்னு உன் மேல கத்தினேன். "இன்னாம்மா, சட்டைக்குப் போயி இந்தக் கத்து கத்தற"ன்னு நீ சிரிச்ச. சட்டைக்காகக் கத்தலடா.

பதினேழாம் நம்பருக்குப் பேரு இருக்குது. ஏகாம்பரம். பிள்ளையார்பாளையத்துல பட்டு நெய்யிறவரு. அவரோட பொட்டாசியம் நார்மல்னு எழுதினது நான். அது சரியில்லன்னு தெரிஞ்சே எழுதினேன்.

சொல்றேன், அவசரப்படாத. அந்த ஸ்டடி ஆரம்பிச்சப்ப நீ ப்ளஸ் ஒன் சேந்திருந்த. லேப்ல எனக்கு இருவது வருஷ சர்வீசு. ஸ்டடியில இருக்கறவங்களுக்கு மாத்திரய ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தபாவும் ரத்தம் எடுத்துப் பொட்டாசியமும் மெக்னீசியமும் பாக்கணும். பொட்டாசியம் நாலுக்குக் கீழ இருந்தா மாத்திர ஏத்தக் கூடாது, சிரப் குடுத்து அத மேல கொண்டாந்துட்டுத்தான் மத்ததெல்லாம். சட்டமே அவ்வளவுதான். பெரிய டாக்டர் எங்களையெல்லாம் நிக்க வெச்சு, "இந்த மருந்துக்குக் கடிவாளமே உங்க கையிலதான்மா இருக்குது"ன்னு சொன்னாரு. எனக்குத் தலை கால் புரியல. நம்மள நம்பி இவ்வளவு பெரிய வேலையான்னு புதுசா ரெண்டு வெள்ளக் கோட்டு தெச்சுக்கினேன்.

எனக்கு ஒரு பேரு இருந்துச்சு தம்பி. ஒரே குத்துல ரத்தம் எடுக்கிற அம்மான்னு. எவ்வளவு ஒளிஞ்சுக்கினு இருக்கற நரம்பா இருந்தாலும் விரல வெச்சா எனக்குத் தெரிஞ்சிடும். பாளையத்துல இருந்து வர்றவங்க என் டூட்டி எப்போன்னு கேட்டுக்கினு வருவாங்க. அதே தெருவுல நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ எங்கம்மா கூட வரட்டி விக்கப் போயிருக்கேன். வாசப்படியோட நின்னுக்கணும், கையில குடுக்க மாட்டாங்க, காச கீழ வெப்பாங்க. அந்தத் தெருக்காரங்க இப்போ கைய நீட்டிக்கினு என் முன்னாடி உக்காந்தா எனக்கு எப்படி இருக்கும்னு நெனச்சுப் பாரு. உங்கிட்ட இது வரைக்கும் சொன்னதில்ல, வேலையில எனக்குக் கெடச்ச சம்பளத்த விட அதுதான் பெருசா இருந்துச்சு. ஏகாம்பரண்ணனுக்கு வேற எடத்துல எவனோ கத்துக்குட்டி கண்ட எடத்துல குத்தி, கை கறுத்து வீங்கி, நாலு நாளு தறியில உக்கார முடியாம போயிருக்குது. அதுலருந்து அவரு ஊசின்னா பயப்படுவாரு. மொத நாளே எங்கிட்ட வந்து, "என் கைய நீங்கதான்மா தொடணும், வேற யாருக்கும் நீட்ட மாட்டேன்"னு சொன்னாரு.

அன்னிக்குத் திங்கக்கிழம. காலையில பத்து மணிக்கு முன்னாடியே வந்துட்டாரு. அன்னிக்குத்தான் அவரு தறியில புதுப் பாவு, அதான் நீளவாட்டு நூலு, ஏறுது. பழைய பாவோட ஒவ்வொரு இழையையும் புதுசோட விரலால முறுக்கிப் பிணைக்கணும், ஆயிரக்கணக்குல இழை. அதுக்குன்னு வர்ற ஆளு வீட்டுல காத்துக்கினு இருக்குறான், இவரும் கூட உக்காரணும். "சுருக்கா எடுத்துடும்மா, இன்னிக்கு விரலு நடுங்கக் கூடாது"ன்னாரு. மொகம் வாடியிருந்துச்சு. கேட்டதுக்கு, "மூணு நாளா வயித்தால போவுதும்மா, இன்னிக்குத் தேவல"ன்னாரு. டாக்டர்கிட்ட சொன்னீங்களான்னு கேட்டேன். "சொன்னா வார்டுல படுக்க வெச்சுடுவாங்க, பாவு நிக்குது"ன்னாரு. "சொல்லிடுங்கண்ணா"ன்னு வாயால சொல்லிட்டு நான் வேலையப் பாத்தேன். வயித்துப்போக்குல பொட்டாசியம் அடிச்சுக்கினு போவும்னு எனக்கு யாரும் சொல்லித் தரணுமா? ஃபாரத்துல எழுதியிருக்கணும். எழுதல.

உடம்புல தண்ணி வத்திப்போனதால நரம்பு அமுங்கிக் கெடந்துச்சு. குத்தினேன், கொஞ்சம் வந்துச்சு, நின்னுடுச்சு. அந்த எடத்துல ஊசிய வெளிய எடுத்துட்டு, அவருக்கு உப்பு சக்கரத் தண்ணி குடுத்து, அரை மணி உக்கார வெச்சு, இன்னொரு கையில எடுத்திருக்கணும். நான் என்ன பண்ணேன்? ஒரே குத்துக்காரியாச்சே. சிரிஞ்ச இழு இழுன்னு இழுத்தேன், நுரைச்சுக்கினு வந்துச்சு. வெளிய கூட்டம் வேற. ஊசியக் கழட்டாமலே டியூபுக்குள்ள அழுத்திப் பீச்சினேன். அப்படிப் பண்ணா செகப்பணு ஒடையும். ஒடஞ்சா உள்ளாற இருக்கற பொட்டாசியம் வெளிய கொட்டும், மெஷின்ல இல்லாத அளவு இருக்கற மாதிரி காட்டும். நீ படிச்சதுதான். ஆனா என் வாயால உனக்குச் சொல்லணும்.

டியூப்ப மெஷின்ல வெச்சு சுத்தி எடுத்தா மேல தெளிஞ்சு நிக்கற சீரம் வெளுத்த மஞ்சளா இருக்கணும். ரோஸ் மில்க்குல தண்ணி ஊத்தின மாதிரி நின்னுச்சு. டியூப்பக் கையில வெச்சிக்கினு வெளிய எட்டிப் பாத்தேன். பெஞ்சுல உக்காந்திருந்தாரு. "ஆச்சாம்மா? கெளம்பட்டா? ஆளு காத்துக்கினு இருக்குறான்"னாரு. அந்த நேரத்துல "இல்லண்ணா, இன்னொரு தபா குத்தணும்"னு சொல்ல எனக்கு வாய் வரல. பாவமா இருந்துச்சுன்னு இத்தன வருஷமா எனக்கே சொல்லிக்கினு வந்தேன். பாவு பிணைக்கப் போற கைய இன்னொரு தபா குத்தலாமா, இந்த ஊருல பொறந்தவ எவளாவது பண்ணுவாளான்னு. அதுல கொஞ்சம் நெஜம் இருக்குது. மிச்சம் என் பவிசு. "கெளம்புங்கண்ணா"ன்னேன். அவரு ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாரு. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு, வெக்கத்த விட்டு சொல்றேன்.

மெஷின் நாலு புள்ளி ஒண்ணுன்னு காட்டுச்சு. ஃபாரத்துல ஒரு கட்டம் இருக்கும், ரத்தம் ஒடஞ்சிருக்குதா, உண்டு, இல்லன்னு. இல்லைங்கறதுல டிக் போட்டேன். சாயங்காலம் அவரு திரும்பி வந்ததும் டாக்டர் அத நம்பி மாத்திரய ஏத்தினாரு. துடிப்பப் பதிவு பண்ற ரெக்கார்டர் ஒண்ணு இடுப்புல மாட்டிவிட்டாங்க, ரெண்டு நாளைக்கு. புதங்கிழம காலையில தறியில உக்காந்தவரு அப்படியே முன்னாடி சாஞ்சுட்டாரு. பக்கத்துல கூட நெய்துக்கினு இருந்த அவரு பொண்டாட்டி, தூங்கறாருன்னு நெனச்சு தோளத் தட்டியிருக்காங்க. ஆஸ்பத்திரி வாசல்ல வந்து எறக்கும்போதே உசுரு இல்ல. புதுப் பாவுல ஒரு முழம் கூட நெய்யல. ரெக்கார்டரக் கழட்டிப் பாத்தாங்க, துடிப்பு பெரண்டது வரி வரியா பதிவாயிருந்துச்சு.

பெரிய டாக்டர் அவரே லேபுக்கு எறங்கி வந்தாரு. கோவப்படல, மெரட்டல. "அம்மா, அன்னிக்கு சாம்பிள் நல்லா இருந்துச்சா?"ன்னு மட்டும் கேட்டாரு. "நல்லா இருந்துச்சு சார்"னேன். "நீங்க சொன்னா சரிம்மா"ன்னு போயிட்டாரு. டியூப்ப நான் திங்கக்கிழமையே தூக்கிப் போட்டுட்டேன், யாரும் எதையும் எடுத்துப் பாக்க முடியாது. டிக் போட்டதக் கூட ஏதோ அவசரம்னு ஒதுக்கலாம். இந்தப் பதிலு இருக்குதே, இது நின்னு நெதானமா சொன்ன பொய். நெஜமான அளவு மூணா, மூணரையா எனக்குத் தெரியாது. ஒருவேள நாலாவே கூட இருந்திருக்கலாம், மருந்தே கொன்னுருக்கலாம். இந்த ஒருவேளைய வெச்சிக்கினுதான் நான் இத்தன வருஷம் சோறு தின்னேன்.

அதே வாரம் இன்னொண்ணு நடந்துச்சு, அத நீ மறந்திருக்க மாட்ட. உன் பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடப் போனேன். ஊசல் ஆட்டிப் பாக்கற சோதன, நீ அன்னிக்கு லீவு, ஆனா நோட்டுல ரீடிங் மட்டும் அழகா எழுதியிருந்துச்சு. கேட்டா, "எல்லாரும் பாத்துத்தான்மா எழுதறாங்க"ன்ன. மர ஸ்கேல எடுத்து மணிக்கட்டுல போட்டேன் பாரு, ஒண்ணு, ரெண்டு, எண்ணிக்கையே இல்ல. "செய்யாத சோதனைக்கு ரீடிங் எழுதுவியா, எழுதுவியா"ன்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன். உங்கப்பா வந்து ஸ்கேலப் புடுங்கினாரு. ரெண்டு நாளு உன்னால பேனா புடிக்க முடியல. அப்புறம் நீ எந்த ரீடிங்கையும் மாத்தி எழுதினதில்லன்னு உன் வாத்தியாருங்க சொல்லும்போதெல்லாம் என்னை எல்லாரும் மெச்சினாங்க. அந்த அடியெல்லாம் எனக்கு விழ வேண்டியதுடா. உன்னைப் பெத்தவ உங்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன். பதினாறு வயசுல உன் கை வலிச்சுதே, அதுக்காகவும் கேக்கறேன்.

இனிமே நீ இந்த வேலையிலயே இருக்கப் போற, அதனால சொல்றேன். ஆபீசுல ஏசியில உக்காந்துக்கினு கம்ப்யூட்டர்ல வர்ற அளவ மட்டும் பாத்துக்கினு இருக்காத. வாரத்துல ஒரு நாளாவது லேபுக்கு எறங்கிப் போ, டியூப்ப வெளிச்சத்துல தூக்கிப் பாரு. ரத்தம் எடுக்கற பொண்ணுங்ககிட்ட நாலு வார்த்த பேசு, பேரு சொல்லிக் கூப்புடு. எவளாவது வந்து "சார், இந்த சாம்பிள் கெட்டுப் போச்சு, திரும்ப எடுக்கணும்"னு சொன்னா மூஞ்சிய சுளிக்காத, ஒரு நாளு லேட்டாவுதேன்னு கணக்குப் பாக்காத. அப்படி சொல்றவதான் உனக்கு வேணும். ஒரே குத்துல எடுக்கறேன்னு பேரெடுத்தவள நம்பாத. அப்புறம், நோயாளிங்க டாக்டர்கிட்ட சொல்றத விட அதிகமா ஊசி குத்தறவகிட்டதான் சொல்லுவாங்க. விரதம், வயித்துப்போக்கு, நாட்டு மருந்து எல்லாத்தையும் எங்ககிட்டதான் கொட்டுவாங்க. அதக் கேட்டு எழுதறதுக்கு ஃபாரத்துல ஒரு எடம் வெய்யி. அப்படி ஒரு எடம் இருந்திருந்தா நான் எழுதியிருப்பேனான்னு கேக்காத, தெரியல. ஆனா வெய்யி.

ஞாயித்துக்கிழமைக்கப்புறம் ரெண்டு நாளு நான் பேசாம இருந்துடலாம்னுதான் பாத்தேன். ரிட்டயர்டு ஆயாச்சு, யாரு தோண்டப் போறான்னு. அப்புறம்தான் பயம் புடிச்சுக்கிச்சு. எனக்கு வர்ற அவமானத்தப் பத்தி இல்ல. உங்க சார் அந்த ஒரு கேஸ நம்பி ஒண்ணு எழுதுவாரு, நாலு ஊரு டாக்டருங்க அதப் படிப்பாங்க. பொட்டாசியம் சரியா இருந்தாலும் சாவு வரத்தான் செய்யுதுன்னு ஆயிட்டா, பொட்டாசியத்த அவ்வளவு அக்கறையாப் பாப்பானா ஒருத்தன்? வேற எங்கயாவது ஒரு மனுஷன் நாலு தபா வயித்தால போயிட்டு வந்து மாத்திரய முழுங்குவான். அந்தச் சாவு யாரு கணக்குல ஏறும்? அதுல உன் கையெழுத்தும் இருக்குமேடா. இன்னொரு பயமும் இருந்துச்சு. தனியா உங்கிட்ட சொன்னா, நீ அம்மாவக் காப்பாத்தறேன்னு இத அமுக்கிடுவ. நீ அப்படிப்பட்ட புள்ளதான். அந்தச் சோதனைய உனக்கு வெக்கக் கூடாதுன்னு வெள்ளிக்கிழமையே பெரிய டாக்டருக்கு எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பிட்டேன். சென்னையில அவரு மவன் வீட்டுலதான் இருக்காராம். அவரு என்ன நெனைப்பாரோ, ஆஸ்பத்திரிக்காரங்க என்ன பண்ணுவாங்களோ, வர்றத நான் பாத்துக்கறேன். வேலைக்கு சேர்ற மொத நாளே உனக்கு இப்படி ஒரு சங்கடத்தக் குடுக்கறேன், தெரியுது. ஆனாலும் நாளைக்கே உங்க சார்கிட்ட போய் நேரா சொல்லிடு, தபால் சுத்திக்கினு வர்ற வரைக்கும் காத்திருக்காத.

டாக்டருக்கு எழுதறதுக்கு முன்னாடி, வியாழக்கிழம, நான் அந்தம்மாவப் பாக்கப் போனேன். ஏகாம்பரண்ணன் பொண்டாட்டி, சரோஜாம்மா. அவங்களுக்குத் தெரியாம ஊருக்குச் சொல்றது தப்புன்னு தோணிச்சு. உள்ள கூப்ட்டு நாற்காலி போட்டாங்க. ராட்டையில பட்டு சுத்திக்கினு இருந்தாங்க, நான் பேச ஆரம்பிச்சதும் நிறுத்திட்டாங்க. நரம்பு, நுரை, செகப்பு, டிக், டாக்டர் கேட்டது, நான் சொன்னது எல்லாத்தையும் சொன்னேன். கால்ல விழலாம்னு எழுந்தேன், "உக்காரும்மா"ன்னுட்டாங்க. அடிச்சிருந்தாக் கூட வாங்கிக்கினு வந்திருப்பேன்.

அப்புறம் கேட்டாங்க, "இன்னொரு தபா குத்தினா கை போயிடும்னா வுட்ட?"ன்னு. ஆமாம்மா, பாவு பிணைக்கற நாளாச்சே, அவருக்கும் பயம்னு சொன்னேன். அந்தம்மா என்னை நேராப் பாத்து, "நீ கேட்டிருந்தா நீட்டியிருப்பாரும்மா. வேற யாருன்னாலும் மாட்டாரு. நீன்னா நீட்டியிருப்பாரு"ன்னாங்க. இத்தன வருஷமா நான் புடிச்சுக்கினு இருந்த சாக்கு அந்த ஒரு வார்த்தையில போயிடுச்சு தம்பி. அவரு என் மேல வெச்சிருந்த நம்பிக்க எவ்வளவுன்னு எனக்கே தெரியாம இருந்திருக்குது.

கெளம்பும்போது, எம் புள்ளதான் இப்ப அந்தக் கணக்கப் பாக்கப் போறான், அவரு கேஸ அதுலருந்து எடுத்துடச் சொல்றேன்னு சொன்னேன். அதுக்குத்தான் அந்தம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. "எடுக்கறதா? எதுக்கு எடுக்கணும்? பொய்யி எழுதினது நீ, அவரு இல்ல. அவரு அதுல இருக்கட்டும். நடந்தத நடந்த மாதிரி எழுதச் சொல்லு உம் புள்ளைய"ன்னாங்க. அவங்க சொன்னத அப்படியே உனக்கு எழுதிட்டேன். பதினேழாம் நம்பர எடுத்துடாத. பொட்டாசியம் தெரியாதுன்னு எழுது. ரத்தம் ஒடஞ்சிருந்துச்சுன்னு எழுது. மூணு நாளு வயித்துப்போக்கு இருந்துச்சு, ரத்தம் எடுத்தவகிட்ட சொன்னாருன்னு எழுது. அவ யாருன்னு கேட்டாங்கன்னா, எங்கம்மான்னு சொல்லு.

உன் அம்மா